தரையும் கம்பளமும்: தூசி அகற்றும் யந்திரங்களைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு?

பெங்களூர் நகரில் குழந்தைகளைப் பீடிக்கும் ஆஸ்த்மா நோயைப் பற்றி டாக்டர் எச். பரமேஷ் நெடுங்காலம் ஆராய்ந்து வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. மருத்துவமனைக்கு வந்த, பதினெட்டு வயதுக்குட்பட்ட 20,000 பேரைப் பற்றி, ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறையாக எடுக்கப்பட்ட கணக்கு அது. 1979-இல் நூற்றுக்கு 9 பேரிடம் காணப்பட்ட இந்நோய், 1989-இல் 18.5 பேரிடமும், 1999-இல் 29.5 பேரிடமும் காணப்பட்டது. மருத்துவமனையில் எடுத்த கணக்காதலால் ஊரிலுள்ள குழந்தைகள் அனைவருக்கும் இதை அப்படியே பொருத்திவிட இயலாது. எனினும் இருபது ஆண்டுகளில் நோய் மும்மடங்குக்கு மேல் பெருகிற்று என்பது அலட்சியம் செய்யத்தக்க செய்தியன்று. நகரத்தின் பெருக்கம், காற்று மாசடைதல், புகையிலைப் புகை முதலியன இதற்குத் தொடர்புள்ளவை என்று அவ்வாய்வு குறிப்பிட்டது.

இவற்றுள் பெரும்பாலானவற்றைத் தனியொரு குடும்பம் மாற்றிவிட முடியாது. வீட்டிற்குள் தங்கும் தூசியை மட்டும் ஓரளவு குறைக்க முடியும். இக்கருத்துடன்தான் இன்று பலர் வாக்குவம் கிளீனர் எனப்படும் தூசி உறிஞ்சும் யந்திரத்தையும், நீராவிச் சாதனத்தையும், தானே ஊர்ந்து பெருக்கும் யந்திரத்தையும் வாங்கக் கடைகளுக்குச் செல்கின்றனர். அங்கே சில ஆயிரம் ரூபாயிலிருந்து ஐம்பதாயிரத்துக்கு மேலும் விலையுள்ள சாதனங்கள் வரிசையாக நிற்கின்றன. வாட், பாஸ்கல், ஹெப்பா, சைக்ளோன் என்று ஒவ்வொன்றின் பெட்டியிலும் எண்களும் சொற்களும் அச்சிடப்பட்டிருக்கின்றன. அவற்றின் பொருளை அறியாமல் பணத்தைக் கொடுப்பது நல்லதன்று. எந்தத் தூசியை, எந்தத் தரையிலிருந்து அகற்றப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டால், அந்த எண்களில் பாதி நமக்குத் தேவையற்றவை என்பது விளங்கிவிடும்.

தூசிக்குள் இருப்பது என்ன?

வீதியிலிருந்து காற்றும் காலணிகளும் கொண்டுவரும் மண், சிமெண்டுத் துகள், சமையலறைக் கரி, துணியின் நூலிழைகள், பூக்களின் மகரந்தம், மனிதரின் உடலிலிருந்து உதிரும் தோற்செதில்கள் ஆகியவை அனைத்தும் சேர்ந்ததே வீட்டுத்தூசி. இவை தவிர, உயிருள்ள ஒன்றும் அதில் உண்டு. தோற்செதில்களைத் தின்று வாழும் தூசிச் சிற்றுண்ணி என்னும் எட்டுக்கால் உயிரே அது. அதன் நீளம் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாது. ஆகவே வெறுங்கண்ணுக்கு அநேகமாகத் தென்படாது. வீட்டுத்தூசியால் உண்டாகும் ஒவ்வாமைக்கு இச்சிற்றுண்ணிகளே முக்கியக் காரணம் என்பதை ஹாலந்து நாட்டின் லைடன் நகரைச் சேர்ந்த வோர்ஹார்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா என்னும் விஞ்ஞானிகள் 1964-இல் எடுத்துக்காட்டினர். தொல்லை தருவது பெரும்பாலும் சிற்றுண்ணியின் உடலன்று. அதன் கழிவு உருண்டைகளே. அவை ஏறக்குறைய 10 முதல் 40 மைக்ரான் வரை குறுக்களவுள்ளவை.

சிற்றுண்ணி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தையே உறிஞ்சி வாழ்கிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் நீண்ட நாள் நூற்றுக்கு 50-க்குக் கீழே நின்றால் அது உலர்ந்து மடிகிறது. பெங்களூரில் பங்குனி மாதப் பிற்பகல்களில் காற்று நன்றாக உலர்ந்திருக்கும். ஆனால் ஆனி தொடங்கி ஐப்பசி வரை மழையும் மூட்டமும் மாறி மாறி வருவதால், அம்மாதங்களில் மெத்தை, சோபா, தடித்த கம்பளம் ஆகியவை சிற்றுண்ணிகளுக்கு நல்ல இருப்பிடங்களாகின்றன. பளிங்குபோல் வழவழப்பான தரையில் அவை வாழ இடமில்லை. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் கொண்டால் எஞ்சியவை எளிதாக விளங்கும்.

வெறுந்தரைக்கு எது வேண்டும்?

உண்மையைச் சொன்னால், வெறுந்தரை மட்டுமே உள்ள வீட்டுக்கு விலையுயர்ந்த யந்திரம் ஏதும் இன்றியமையாததன்று. துடைப்பத்தால் பெருக்கும்போது பெரிய குப்பை சேர்கிறது. நுண்ணிய தூசியோ மேலெழும்பிப் பல நிமிஷங்கள் கழித்து மறுபடியும் படிகிறது. பெருக்குகிறவர் அதற்குள் அதில் ஒரு பகுதியைச் சுவாசித்துவிடுகிறார். ஈரத்துணியால் துடைத்தால் இத்தொல்லை இல்லை. ஆனால் வாளியின் நீரை மாற்றாமல் மூன்று அறைகளைத் துடைப்பவர், முதல் அறையின் அழுக்கை மூன்றாம் அறைக்கு எடுத்துச்சென்று பூசுகிறார் என்றே கொள்ளவேண்டும். இரண்டு வாளிகளும் இரண்டு துணிகளும் வைத்துக்கொள்வது பல ஆயிரம் ரூபாய் யந்திரத்துக்கு ஓரளவு ஈடாகும்.

எனினும் எல்லாத் தரைகளும் ஒரே இனத்தைச் சேர்ந்தவையல்ல. பெங்களூரில் 1898-இல் பிளேக் நோய் பரவியதையொட்டி மல்லேசுவரம், பசவனகுடி ஆகிய விரிவுப் பகுதிகள் உருவாயின. அங்குள்ள பழைய வீடுகளில் இன்றும் சிவப்பு ஆக்ஸைடு தரைகளைக் காணலாம். இரும்பு ஆக்ஸைடு நிறப்பொடியைச் சிமெண்டுடன் கலந்து, கரணையால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய தரை அது. பின்னால் வந்த வீடுகளில் மொசைக்கும், கடப்பைக் கல்லும், கோட்டா கல்லும், கிரானைட்டும், சலவைக்கல்லும் இடம்பெற்றன. இன்றைய அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் விட்ரிஃபைடு ஓடுகளே உள்ளன.

இவற்றை இரு வகுப்பாகப் பிரித்துக்கொள்ளலாம். சலவைக்கல், கடப்பைக் கல், கோட்டா கல் ஆகிய மூன்றிலும் முக்கியப் பொருள் கால்சியம் கார்பனேட்டு. மொசைக்கில் சலவைக்கல் சில்லுகளும் சிமெண்டும் உள்ளன. சிவப்புத் தரையோ சிமெண்டினால் ஆனது. அமிலம் பட்டால் இவை யாவும் அரிக்கப்படும். கிரானைட்டும் விட்ரிஃபைடு ஓடும் வீட்டில் உபயோகிக்கும் அமிலங்களுக்கு அசையா. கழிப்பறைக்கென விற்கப்படும் ஹைட்ரோகுளோரிக் அமிலத் திரவத்தைக் கொண்டு சலவைக்கல்லின் கறையை நீக்க முயலுகிறவர்கள், கறையுடன் மெருகையும் நீக்கிவிடுகிறார்கள். பிறகு மெருகைத் திரும்பப் பெறக் கல்லையே தேய்த்து மெருகிடும் யந்திரம் வரவேண்டும். எலுமிச்சம்பழச் சாறும் வினிகரும்கூட இவ்வகையில் குற்றவாளிகளே. உங்கள் தரை எவ்வகையைச் சேர்ந்தது என்பதில் ஐயமிருந்தால், கட்டிலுக்கடியில் மறைந்திருக்கும் ஒரு மூலையில் ஒரு துளி எலுமிச்சைச் சாற்றை விட்டுக் கால்மணி நேரம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். அந்த இடம் மங்கியிருந்தால் அது கார்பனேட்டு இனம். அத்தரைக்கு மிதமான சோப்புநீர் போதும்.

வெறுந்தரைக்காக யந்திரம் வாங்குவதாயின் கவனிக்க வேண்டியது உறிஞ்சும் முகப்பின் அடிப்பக்கமேயாகும். மென்மையான மயிர்த்தூரிகையும், கல்லில் உராயாத இரப்பர்ச் சக்கரங்களும் அதில் இருத்தல் வேண்டும். கோலப்பொடி விற்பவர்களிடம் வாங்கும் கல்மாவு மிகக் கடினமான துகள்களைக் கொண்டது. கெட்டியான பிளாஸ்டிக் முகப்பு அத்துகள்களைத் தன் கீழே வைத்து இழுக்குமானால், சலவைக்கல்லின் மேல் உப்புக் காகிதத்தால் தேய்த்த கோலந்தான் எஞ்சும்.

ஊதுவதா, உறிஞ்சுவதா?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் நகரின் ஓர் அரங்கில், தூசியைக் காற்றால் ஊதி அகற்றும் யந்திரம் ஒன்று செய்து காட்டப்பட்டது. அதைக் கண்ட ஹியூபர்ட் செசில் பூத் என்னும் பொறியியல் அறிஞர், ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சினால் என்ன என்று எண்ணினார். ஓர் உணவு விடுதியின் வெல்வெட்டு இருக்கைமேல் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். தொண்டை அடைத்து இருமல் வந்தது; கைக்குட்டையின் அடிப்புறத்தில் கறுத்த வட்டம் ஒன்றும் படிந்திருந்தது. 1901-இல் அவர் உரிமை பெற்ற யந்திரம், குதிரைகள் இழுத்துவந்து வீதியில் நிறுத்தும் அளவுக்குப் பெரியது. நீண்ட குழாய்களைச் சாளரத்தின் வழியே வீட்டுக்குள் செலுத்தித் தூசியை உறிஞ்சுவார்கள். ஏழாம் எட்வர்டு மன்னரின் 1902-ஆம் ஆண்டு முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் கம்பளம் இதனாலேயே தூய்மை செய்யப்பட்டது.

வீட்டுக்குள் எடுத்துச்செல்லக்கூடிய யந்திரத்தை வெற்றிகரமாக அமைத்தவர் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கான்டன் நகரிலுள்ள கடையொன்றில் துப்புரவு வேலை பார்த்த ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்லர். அவருக்கு ஆஸ்த்மா இருந்தது. கம்பளம் பெருக்கும்போது எழும் தூசி அவரை வாட்டிற்று. மின்விசிறி மோட்டார், தலையணை உறை, சுழலும் தூரிகை ஆகியவற்றை இணைத்து அவர் செய்த யந்திரத்துக்கு 1908-இல் உரிமை கிடைத்தது. அவ்வுரிமையை வாங்கி வாணிபம் செய்த ஹூவர் என்பவரின் பெயரே பின்னர் பல நாடுகளில் யந்திரத்துக்கும் பெயராயிற்று. இந்தியாவில் இவ்யந்திரத்தை வீடு வீடாகச் சென்று செய்து காட்டி விற்ற யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனம் 1982-இல் தொடங்கப்பட்டது.

ஸ்பாங்லரின் யந்திரத்தில் உறிஞ்சும் விசிறியும் தட்டிக் கிளறும் தூரிகையும் சேர்ந்தே இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் விற்பனையாகும் பல யந்திரங்களில் முன்னது மட்டுமே உள்ளது. இதன் விளைவைக் கம்பளத்தைப் பற்றிப் பேசும்போது காண்போம்.

பெட்டியின்மேல் உள்ள எண்கள்

வாட் என்று பெட்டியில் குறிப்பிடப்படுவது மோட்டார் உட்கொள்ளும் மின்சாரத்தின் அளவேயன்றி, யந்திரம் செய்யும் வேலையின் அளவன்று. செய்யும் வேலை இரண்டைப் பொறுத்தது: உறிஞ்சும் அழுத்தம் ஒன்று, ஒரு வினாடியில் ஓடும் காற்றின் கொள்ளளவு மற்றொன்று. இவ்விரண்டையும் பெருக்கிவரும் தொகையே காற்றின் திறன்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. விற்பனையாளர்கள் அழுத்தத்தின் உச்ச அளவையும் ஓட்டத்தின் உச்ச அளவையும் குறிப்பிடுவார்கள். முகப்பைக் கையால் முற்றிலும் அடைத்தால்தான் அழுத்தம் உச்சத்தை அடையும்; அப்போது ஓட்டம் இல்லை. முகப்பு முழுவதும் திறந்திருந்தால் ஓட்டம் உச்சத்தில் இருக்கும். அப்போது அழுத்தம் இல்லை. இரண்டும் ஒருங்கே உச்சத்தில் நிற்பது ஒருபோதும் நடவாது. நடைமுறையில் கிடைக்கும் மிகுதியான திறன், இரு உச்சங்களின் பெருக்கல் தொகையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. உதாரணமாக, 20,000 பாஸ்கல் அழுத்தமும் வினாடிக்கு 40 லிட்டர் ஓட்டமும் உள்ள ஒரு யந்திரத்தை எடுத்துக்கொள்வோம். 40 லிட்டர் என்பது 0.04 கனமீட்டர். பெருக்கினால் 800, அதில் நாலில் ஒன்று 200 வாட். அந்த யந்திரம் 1,400 வாட் மின்சாரத்தை உட்கொள்வதாயின், ஏழில் ஒரு பங்குதான் தூசியை இழுக்கப் பயன்படுகிறது. எஞ்சியது வெப்பமாகவும் இரைச்சலாகவும் போகிறது.

ஆகவே பாஸ்கல் எண் ஒன்றை மட்டும் பெரிதாக அச்சிட்டு விற்கப்படும் சாதனத்தைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. சிறிய துளையின் வழியே மிக்க அழுத்தத்துடன் சிறிதளவு காற்றை இழுக்கும் சாதனம், மேசைமேல் சிந்திய மாவை எடுக்கும். கம்பளத்தின் அடியில் கிடக்கும் மணலை எடுக்காது. மணலைத் தூக்கிச் செல்லுவது காற்றின் ஓட்டமே.

பெங்களூர் வாசிகளுக்கு மற்றொரு செய்தி. இந்நகர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே காற்றின் அடர்த்தி சென்னையில் உள்ளதைவிட ஏறக்குறைய நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைவு. விசிறி உண்டாக்கும் அழுத்தம் காற்றின் அடர்த்தியைப் பொறுத்ததாகையால், சென்னையில் 20,000 பாஸ்கல் காட்டும் யந்திரம் இங்கே 18,000-ஐ ஒட்டியே காட்டும். மோட்டார் சிறிது விரைவாகச் சுழன்று இக்குறையில் ஒரு பகுதியை ஈடுசெய்யும். இதனால் யாரும் கவலைகொள்ள வேண்டியதில்லை. ஆனால் எண்களில் நூற்றுக்கு ஐந்து, பத்து வேற்றுமைக்காக அதிக விலை கொடுப்பது எவ்வளவு பொருளற்றது என்பதை இது காட்டுகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் இவ்விஷயத்தில் நல்லதொரு பரிசோதனையை நடத்திக் காட்டிற்று என்றே சொல்லலாம். 2014 செப்டம்பரில் 1,600 வாட்டுக்கு மேற்பட்ட யந்திரங்களையும், 2017 செப்டம்பரில் 900 வாட்டுக்கு மேற்பட்டவற்றையும் சந்தையிலிருந்து விலக்கியது. யந்திரங்கள் பயனற்றுப் போய்விடவில்லை. முகப்பையும் குழாயையும் திருத்தியமைத்து, குறைந்த மின்சாரத்தில் அதே வேலையைச் செய்யப் பொறியாளர்கள் வழிகண்டனர். 2017-இன் விதிகள் மற்றோர் உண்மையையும் வெளிப்படுத்துகின்றன. வெறுந்தரையில் தூவிய பரிசோதனைத் தூசியில் நூற்றுக்கு 98 பங்கை யந்திரம் எடுக்க வேண்டும்; கம்பளத்திலோ 75 பங்கு எடுத்தால் போதும் என்று அவை கூறுகின்றன. தேர்ச்சிபெற்ற யந்திரமும் கம்பளத்தில் நாலில் ஒரு பங்குத் தூசியை விட்டுவிடலாம் என்பது இதன் பொருள். யந்திரத்தின் மின்சிக்கனத்தைக் காட்டும் சீட்டு மட்டும் நிலைக்கவில்லை. தூசிப்பை காலியாக உள்ள நிலையில் பரிசோதித்துச் சீட்டு வழங்குவது முறையன்று என்று டைசன் நிறுவனம் தொடுத்த வழக்கில், ஐரோப்பிய நீதிமன்றம் 2018 நவம்பரில் அதனை ரத்துச் செய்தது.

அவ்வழக்கின் அடிப்படை நாமும் அறியவேண்டியதே. பை நிரம்ப நிரம்ப, அதன் நுண்துளைகள் அடைபட்டு ஓட்டம் குறைகிறது. இதைத் தவிர்க்க ஜேம்ஸ் டைசன், மர அறுப்பாலைகளில் தூளைப் பிரிக்கும் சுழற்காற்றுக் கூம்பைக் கண்டு, அதையே சிறிதாக்கி 5,127 மாதிரிகள் செய்து பார்த்தார். சைக்ளோன் எனப்படும் அம்முறையில் காற்று வேகமாகச் சுழல, தூசி மையவிலக்கு விசையால் சுவரை அடைந்து கீழே விழுகிறது. பை வாங்கும் செலவு இல்லை. ஆனால் அதன் கலத்தைக் கவிழ்க்கும்போது தூசி மேலெழும்புகிறது. ஆஸ்த்மா உள்ளவர் இருக்கும் வீட்டில், வாய்மூடியுள்ள இரட்டைத்தாள் பையை அப்படியே எடுத்தெறிவதே மேல் என்பது என் கருத்து. கலம் உள்ள யந்திரத்தை வாங்கியவர்கள் அதை வீட்டுக்கு வெளியே, ஒரு காகிதப் பைக்குள் வைத்துக் கவிழ்க்கலாம்.

ஹெப்பா வடிகட்டியைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுவோம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அணுசக்தி ஆராய்ச்சி நிலையங்களில் கதிரியக்கத் துகள்களைத் தடுக்கும்பொருட்டு உருவானது இது. 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் பதினாயிரத்துக்கு 9,997-ஐ நிறுத்த வேண்டும் என்பது அமெரிக்க இலக்கணம். அவ்வளவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பெரிய துகள்கள் காற்றுடன் வளைந்து செல்ல இயலாமல் இழையில் மோதுகின்றன; மிகச் சிறியவை தாறுமாறாக அலைந்து இழையில் ஒட்டிக்கொள்கின்றன; இடைப்பட்ட அளவுடையவையே தப்பிச்செல்லுவதில் வல்லவை. சிற்றுண்ணியின் கழிவோ 10 மைக்ரானுக்கு மேற்பட்டது. நல்ல இரட்டைத்தாள் பையே அதைப் பிடித்துவிடும். ஹெப்பா இருப்பது நலமே. ஆனால் யந்திரத்தின் மூடி சரியாகப் பொருந்தாமல் இடுக்கில் காற்றுக் கசியுமானால், எவ்வளவு நேர்த்தியான வடிகட்டியும் வீணே. கடையிலேயே யந்திரத்தை ஓடவிட்டு, மூடியின் விளிம்பைச் சுற்றி விரலை நகர்த்திப் பாருங்கள். வெளியேறும் துளையைத் தவிர வேறெங்கும் காற்றுப் படக்கூடாது.

கம்பளம்

கம்பளத்தில் மூன்று இனங்களை வேறுபடுத்த வேண்டும். முதலாவது ஜமக்காளம் போன்ற தட்டை நெசவு. ஈரோடு மாவட்டத்துப் பவானி ஜமக்காளமும், தார்வார் மாவட்டத்து நவல்குந்து ஜமக்காளமும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை. இவற்றில் தூசி மறைய ஆழமில்லை. சாதாரண முகப்பால் இருபுறமும் உறிஞ்சினால் போதும். உறிஞ்சாமல் கொடியில் போட்டு அடித்தாலும் போதும். இரண்டாவது வெட்டிய மயிருள்ள கம்பளம். காசுமீரத்தின் ரத்தினக் கம்பளம் முதல் ஆலையில் நெய்த செயற்கை இழைக் கம்பளம் வரை இதில் அடங்கும். மூன்றாவது, இழைகள் வெட்டப்படாமல் வளையங்களாக நிற்கும் கம்பளம்.

இரண்டாம் இனத்தில் மணல் மயிரின் அடிவரை இறங்கி, நடக்கும்போதெல்லாம் இழைகளை அரத்தைப்போல் அறுக்கிறது. வெறும் உறிஞ்சலால் இந்த மணல் மேலே வாராது. ஸ்பாங்லர் செய்ததுபோல், மோட்டாரால் சுழலும் தூரிகை மயிரைப் பிரித்துத் தட்டவேண்டும். ஆகவே மயிர்க்கம்பளம் உள்ளவர்கள், வாட் எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் மின்தூரிகை முகப்பு உண்டா என்று கேட்கவேண்டும். கையால் முடிச்சிட்ட பட்டு, கம்பளிக் கம்பளங்களுக்கு இதில் விலக்கு உண்டு. தூரிகையைச் சுழலாமல் நிறுத்தி, மயிர் சாய்ந்துள்ள திசையிலேயே மெதுவாக உறிஞ்ச வேண்டும். ஓரத்துக் குஞ்சங்களின்மேல் யந்திரத்தைச் செலுத்தலாகாது. வளையக் கம்பளத்திலும் சுழலும் தூரிகை ஆகாது. ஓர் இழை சிக்கினால் ஒரு வரிசையே பிரிந்துவரும்.

யந்திரத்தை எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறோம் என்பதும் முக்கியம். ஐரோப்பியப் பரிசோதனையில் ஒவ்வோர் இடத்திலும் ஐந்து முறை முன்னும் பின்னுமாகச் செலுத்துகிறார்கள். நாம் பெரும்பாலும் ஒருமுறை தள்ளிவிட்டு அடுத்த அறைக்குச் சென்றுவிடுகிறோம்.

உயிருள்ள சிற்றுண்ணிகள் இழைகளைக் காலால் பற்றிக்கொள்ளுவதால் உறிஞ்சலுக்கு எளிதில் அகப்படா. கழிவுகளில் ஒரு பகுதிதான் வெளிவரும். 2008-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, சிற்றுண்ணிகளைக் குறைக்கும் பௌதிக, ரசாயன முறைகளால் ஆஸ்த்மா நோயாளிகளுக்கு நிச்சயமான பயன் கிடைத்ததாகத் தெரியவில்லை என்று முடிவுகட்டியது. எனவே ‘இந்த யந்திரத்தை வாங்கினால் குழந்தையின் இழுப்பு நின்றுவிடும்’ என்று கூறும் விற்பனையாளரை நம்பி மருந்தைக் குறைப்பது அபாயகரமானது. நோயாளி படுக்கும் அறையில் கம்பளமே இல்லாதிருப்பதும், படுக்கை விரிப்புகளை 55 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீரில் வாரந்தோறும் துவைப்பதும் செலவில்லாத முறைகள். யந்திரம் ஓடும்போதும், நின்று அரைமணி வரையிலும் அக்குழந்தை அந்த அறையில் இருக்கலாகாது.

வெயிலை மறந்துவிட்டோம். கம்பளத்தை நேர்வெயிலில் விரித்தால் சிற்றுண்ணிகள் யாவும் மடிகின்றன என்பதை சிட்னி நகர ஆராய்ச்சியாளர்கள் 1994-இல் வெளியிட்டனர். நம் பாட்டிமார் மாசி, பங்குனியில் மெத்தையையும் ஜமக்காளத்தையும் மொட்டைமாடிக்கு ஏற்றியதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. மடிந்தவற்றின் மிச்சம் இழைக்குள்ளேயே கிடக்குமாதலால், பிறகு நன்றாக அடித்து உதறவோ உறிஞ்சவோ வேண்டும். இந்தச் சௌகரியம் தூக்கிச் செல்லக்கூடிய கம்பளத்துக்கே உண்டு. சுவர் முதல் சுவர் வரை ஒட்டிவிடும் கம்பளத்தை இந்நகரத்து வீடுகளில் போடுவதை நான் எவருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

நீரும் நீராவியும்

சாதாரண யந்திரம் நீரை உறிஞ்சக்கூடாது. அதில் உள்ளே வரும் காற்றே மோட்டாரின் ஊடே சென்று அதைக் குளிர்விக்கிறது. காற்றுடன் நீர் சென்றால் மோட்டார் எரிந்துபோவதோடு மின்அதிர்ச்சியும் நேரலாம். ஈரம், உலர்வு இரண்டுக்கும் ஏற்றது எனக் குறிக்கப்பட்ட யந்திரங்களில் மோட்டாரைக் குளிர்விக்கும் காற்றுக்குத் தனிவழி உண்டு. இவற்றுள் ஒரு வகை, சோப்புநீரைக் கம்பளத்தில் பீச்சி, உடனே அழுக்குடன் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். கறைபடிந்த சோபாவுக்கும் கம்பளத்துக்கும் இதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் ஒருநாளுக்குள் முழுவதும் உலராவிட்டால் பூஞ்சணம் பூக்கும். ஆடி மாதச் சாரலில் இவ்வேலையைத் தொடங்கலாகாது. ஆண்டுக்கு ஓரிருமுறைதான் தேவைப்படும் இச்சாதனத்தைச் சொந்தமாக வாங்குவதைவிட, அத்தொழில் செய்பவரைக் கூலிக்கு அழைப்பது சிக்கனம்.

நீராவிச் சாதனம் ஓடுகளின் இடுக்கிலுள்ள சிமெண்டுக் கோடுகளுக்கும், சமையலறை எண்ணெய்ப் பிசுக்குக்கும் மிக ஏற்றது. மரத்தரைக்கும், மெழுகிட்ட சிவப்புத் தரைக்கும், மெருகிட்ட சலவைக்கல்லுக்கும் ஆகாது. பெங்களூரில் இதற்குத் தனியாக ஒரு பகை உண்டு. அது ஆழ்துளைக் கிணற்றின் கடினநீர். குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை விரும்பத்தக்கதென்றும், வேறு நீர் கிடைக்காதவிடத்து 600 வரை பொறுத்துக்கொள்ளலாமென்றும் கூறுகிறது. 500 மில்லிகிராம் உள்ள நீரை வாரம் ஒரு லிட்டர் வீதம் கொதிக்கவைத்தால், ஓராண்டில் 26 கிராம் உப்புகள் அந்தச் சிறு கொதிகலத்துக்குள் நுழைகின்றன. அவற்றில் பெரும்பகுதி சுண்ணாம்பாக உறைந்து துளையை அடைக்கும். வடிகட்டிய குடிநீரையே இதில் ஊற்றுங்கள். தரை துடைக்கவும் கடினநீரையே நம்பியிருப்பவர்கள், இறுதியாக உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்தால் வெண்படலம் தங்காது.

2024 மார்ச்சில் நகரில் நீர்ப்பஞ்சம் ஏற்பட்டபோது, வண்டி கழுவுதல் முதலியவற்றுக்குக் குடிநீரை உபயோகிப்பதை குடிநீர் வாரியம் தடைசெய்து, மீறுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் விதித்தது. தரையைக் குழாய்நீர் விட்டுக் கழுவும் வழக்கத்தைக் கைவிட, அத்தகைய மாதங்களில் தூசி உறிஞ்சியும் ஈரத்துணியும் போதிய மாற்றாகும்.

வாங்குமுன் இன்னும் சில

மின்சாரத்தைப் பற்றி ஒரு கணக்கு. 1,400 வாட் யந்திரம் 230 வோல்டில் 6 ஆம்பியருக்குச் சற்று மேலாகவே இழுக்கும். ஆகவே அதை 6 ஆம்பியர் சிறு துளையில் செருகாமல், 16 ஆம்பியர் பெரிய துளையில் செருகவேண்டும். மெல்லிய நீட்டிப்புக் கம்பியை உபயோகிக்கலாகாது. மின்வெட்டின்போது வீட்டு இன்வெர்ட்டரில் இதனை ஓட்ட முயல வேண்டாம்.

கம்பியில்லாத யந்திரங்களுக்கு, பாட்டரியின் வோல்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கிப் பாருங்கள். 25 வோல்ட், 2.5 ஆம்பியர்-மணி என்றால் 62.5 வாட்-மணி. 400 வாட் இழுக்கும் உச்ச வேகத்தில் அது ஒன்பது நிமிஷத்தில் தீர்ந்துவிடும்; பெட்டியில் எழுதியுள்ள நாற்பது நிமிஷம் மிகக் குறைந்த வேகத்துக்கானது. மின்தூரிகையையும் சேர்த்தால் இன்னும் குறையும்.

தானே ஊர்ந்து பெருக்கும் யந்திரம் 2002-இல் ரூம்பா என்னும் பெயரில் அமெரிக்காவில் வெளிவந்தது. நாள்தோறும் சேரும் மேல்தூசியை எடுக்க அது வசதியானதே. ஆழ்ந்த துப்புரவை அதனிடம் எதிர்பார்க்கலாகாது. உயர்ந்த நிலைப்படியை அது ஏறாது. பூஜையறைக் கோலத்தையும் குப்பையென்றே கருதும்.

யந்திரத்தை வாங்குபவர் ஒருவர், இயக்குபவர் மற்றொருவர் என்பதே நம் வீடுகளில் பெரும்பாலும் நடைமுறை. வேலைக்கு வரும் அம்மாள் நாளொன்றுக்கு நாலைந்து வீடுகளில் குனிந்து நிமிருகிறவர். எட்டுக் கிலோ எடையுள்ள யந்திரத்தை மாடிப்படியில் தூக்கச்சொன்னால், அது பரணுக்கே போய்ச்சேரும். கடைக்குப் போகும்போது அவரையும் அழைத்துச்சென்று, பிடியின் உயரமும் எடையும் அவருக்குப் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது நல்லது. சுடும் சாம்பலையும் ஊதுவத்திக் கங்கையும் உறிஞ்சலாகாது என்பதை அவருக்கு எடுத்துச்சொல்லவும் வேண்டும். உள்ளே காற்றோட்டம் இருப்பதால் கங்கு தணலாகிப் பை தீப்பற்றும்.

மாற்றுப் பைகளும் வடிகட்டிகளும் எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதை வாங்கும் அன்றே விசாரித்து, ஓராண்டுக்குத் தேவையானதைச் சேர்த்தே வாங்கிவிடுங்கள். கழுவக்கூடிய வடிகட்டியை நிழலில் ஒருநாள் முழுவதும் உலர்த்தாமல் மாட்டவேண்டாம். கம்பியுள்ள யந்திரங்களின் மோட்டாரில் தேய்ந்துபோகும் கரித்தூரிகைகள் இரண்டு உண்டு. மோட்டார் விட்டுவிட்டு ஓடி, காற்றுத்துளையில் தீப்பொறி தெரிந்தால் அவை தேய்ந்துவிட்டன என்று அறியலாம். பலர் அப்போது யந்திரமே பழுதாகிவிட்டதென்று பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுகிறார்கள். எஸ்.பி. சாலை போன்ற உதிரிப்பொருள் கடைத்தெருக்களில் தேய்ந்த தூரிகையைக் காட்டி அதே அளவில் ஒரு சோடி கேட்கலாம். மாற்றியமைக்க மெக்கானிக்குக்கு அரைமணி நேரமே ஆகும்.